சைக்காவின் கையில் ஓடிய மான்கள்

சைக்காவின் இரண்டு கைகளிலும் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை மான்கள் ஓடின. வயதுக்கு வந்த வருஷம் அவள் அத்தை கரியைக் குழைத்து ஊசியால் குத்திவிட்ட பச்சை. ரொதோப்பே மலையில் நல்ல குடும்பத்துப் பெண் என்றால் கையில் பச்சை இருக்கும். வெறுங்கையோடு போனால், யார் வீட்டு அடிமை என்று கேட்பார்கள். சைக்கா முக்காபோரின் பேத்தி, தோர்கோசின் மகள், டீசாசின் கூடப்பிறந்தவள். அவளுக்குக் குத்தாமல் வேறு யாருக்குக் குத்துவது?

அவளைக் கட்டிய தார்சாஸ் ரோமப் படையில் பாதி ஆயுசைக் கழித்துக் குடியுரிமை வாங்கியவன். ஆற்றங்கரைப் பட்டணத்தில் அவளைக் குடிவைத்தான். அங்கே எல்லாம் தலைகீழ். ஓடிப்போய்ப் பிடிபட்ட அடிமைக்குத்தான் அந்த ஊரில் பச்சை குத்துவார்கள். சைக்கா கோடையிலும் கம்பளிச் சட்டையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொண்டு திரிந்தாள். கையெல்லாம் வேர்க்குரு. மகள் மார்செல்லாவுக்குக் குத்தலாம் என்றபோது, "ரோமாபுரிக் குடிமகளுக்குப் பச்சை எதுக்குடி?" என்று தார்சாஸ் வாயை அடைத்துவிட்டான். அப்புறம் அவனும் போய்ச் சேர்ந்தான்.

மார்செல்லாவைப் பெண் பார்க்கக் கைசிலியா வந்தாள். பட்டணத்துச் சபைக்காரன் பெண்டாட்டி. அந்த நேரம் பார்த்து அடுப்பில் பருப்பு பொங்கியது. சைக்கா சட்டைக் கையைச் சுருட்டிப் பானையை இறக்கினாள். இறக்கிய அவசரத்தில் அப்படியே திராட்சை ரசத்தை எடுத்து வந்து நீட்டிவிட்டாள்.

"இவளை எங்க வாங்கினீங்க? வேலை செய்வாளா, இல்ல மறுபடி ஓடிருவாளா?" என்றாள் கைசிலியா.

மார்செல்லா தரையைப் பார்த்தாள். "அது… எங்க அம்மா."

"அம்மாவா! எந்த எஜமான்கிட்டேருந்து ஓடி வந்தே?"

"எங்க அப்பன் வாசல்ல இருபது குதிரை நின்னுச்சும்மா. உங்க மாமனார் கழுதை மேய்ச்ச கதைய ஊரே சொல்லுது" என்றாள் சைக்கா.

கைசிலியா குவளையைத் தொடாமல் எழுந்து போனாள்.

கோபத்தோடு சைக்கா மகளை மலைக்குக் கூட்டிப்போனாள். "அண்ணே, உன் மருமகளைக் கொண்டாந்திருக்கேன்" என்றாள். டீசாஸ் சிரித்தான். அவன் பெண்டாட்டி மார்செல்லாவின் கையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள்.

"என்ன நாத்தனாரே, கை கழுவிவிட்ட மாதிரி இருக்கு? எம்புள்ளைக்கு அடிமைப் பொண்ணக் கட்டிட்டாங்கன்னு ஊரு சிரிக்கவா?"

"குத்திட்டாப் போச்சு. நாளைக்கே குத்திருவோம்" என்றான் டீசாஸ்.

மார்செல்லா கைகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். "குத்திக்கிட்டு நான் எந்த ஊருல நடமாடுறது?"

"இங்கதான்டி இருக்கப்போறே!"

"உன்னையும் அப்படித்தானே சொல்லிக் குத்தினாங்க? நீ இங்கயா இருந்தே?"

சைக்கா மகளின் கையைப் பிடித்து எழுந்தாள். வந்த வழியே இறங்கினார்கள்.

பட்டணத்தில் கைசிலியாவின் மகன் மார்செல்லாதான் வேண்டும் என்று சாப்பிடாமல் கிடந்தான். கைசிலியா ஒரு வைத்தியனை அனுப்பினாள். சுண்ணாம்புக் களிம்பு பூசினால் பச்சை புண்ணாகி உரிந்துவிடுமாம். உரித்துக்கொண்டால் கல்யாணம்.

சைக்கா களிம்புச் சட்டியைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். "பூசிக்கம்மா" என்று மகள் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

"உன்னை அனுப்பின கைசிலியாகிட்ட சொல்லு, பொண்ணுக்குத் தாய் செத்துப்போயிட்டா. கல்யாணத்தை நடத்தட்டும்" என்று வைத்தியனைத் திருப்பி அனுப்பினாள்.

மார்செல்லா அழுதாள். ஆனாலும் பக்கத்து வீட்டிலிருந்து மணப்பெண்ணாகப் புறப்பட்டாள்.

அன்று சைக்கா சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டுக்கொண்டு வீட்டைக் கழுவினாள். மதியத்துக்கு மேல் கைசிலியா வீட்டு வேலைக்காரி ஒருத்தி லாரல் இலையில் சுட்ட கல்யாண அப்பத்தோடு வாசலில் நின்றாள். சைக்காவின் கையைப் பார்த்ததும் ஒட்டுறவாகச் சிரித்தாள்.

"மணப்பொண்ணு இங்க குடுக்கச் சொல்லிச்சு அக்கா. உன் எஜமானி எங்கே?"

"மகள் கல்யாணத்துக்குப் போயிருக்காங்க" என்று சொல்லி, அப்பத்தை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள் சைக்கா.