பாய் போட்ட முடிச்சு

என் காதைப் பற்றி எனக்கு எப்போதும் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. ஆவடி தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை. குவார்ட்டர்ஸில் யார் மிக்சி வாங்கினாலும் என்னைக் கேட்டுவிட்டுத்தான் வாங்குவார்கள். அந்தத் திமிர் வேறு.

எண்பதுகளின் கடைசியில், பூந்தமல்லியில் இருந்த ஒரு பாய் எனக்கு ஆம்ப்ளிஃபயர் செய்து கொடுத்தார். சாமான்களை வாங்கி வந்து வீட்டிலேயே அசெம்பிள் செய்பவர். பாட்டு போட்டால் பேஸ் சத்தத்தில் அலமாரியில் டம்ளர் அதிரும். அதைக் கேட்டுவிட்டு எங்கள் பிளாக்கில் இரண்டு பேர் அவரிடம் ஆர்டர் கொடுத்தார்கள்.

அந்தப் பொங்கலுக்கு வெள்ளையடிக்க எல்லாவற்றையும் கழற்றினேன். ஸ்பீக்கர் வயர் ஒவ்வொன்றிலும் ஒரு இழையில் மட்டும் பாய் சின்ன முடிச்சு போட்டிருந்தார். பார்க்க அசிங்கமாக இருந்தது. வெட்டி எறிந்துவிட்டு நானே மாட்டினேன். பேஸே இல்லை. தகர டப்பா சத்தம்.

நேரே பாய் வீட்டுக்குப் போனேன். வேறு இரண்டு பேர் செட் வாங்க வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

"இன்னா சார், நல்லாத்தானே பாடிகினு இருந்துச்சு? ஒரு தபா ஊட்டாண்ட வந்து பாத்துடறேன்" என்றார்.

"பார்க்க என்ன இருக்கு? டூப்ளிகேட் டிரான்சிஸ்டர் போட்டு ஏமாத்திட்டீங்க."

வந்தவர்கள் எழுந்து போய்விட்டார்கள். பிளாக்கிலும் சொன்னேன், அந்த இரண்டு ஆர்டரும் நின்றுபோயின. பிறகு கடையில் விலை உயர்ந்த ஆம்ப்ளிஃபயர் ஒன்று வாங்கினேன். கடை ஆள் வந்து மாட்டினான். பேஸ் அதிர்ந்தது. "இதுதான் ஒரிஜினல்" என்று வீடு வீடாகக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அடுத்த பொங்கல், அடுத்த வெள்ளையடிப்பு. மறுபடி நானே மாட்டினேன். மறுபடி தகர டப்பா.

"இதுலயும் டூப்ளிகேட்டா?" என்றாள் மனைவி.

ஒரு ஸ்பீக்கரின் வயரை மட்டும் மாற்றிச் செருகினேன். பேஸ் வந்துவிட்டது. ஒன்றில் மட்டும் பிளஸ், மைனஸ் மாறினால் ஒரு பெட்டி காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கும், பேஸ் செத்துப்போகும். அது தெரியத்தான் பாய் முடிச்சு போட்டிருந்தார். பரணிலிருந்து அவருடைய செட்டை இறக்கி, நான் கண்ணை மூடிக்கொண்டு, மனைவியை மாற்றி மாற்றிப் போடச் சொன்னேன். மூன்று முறையும் பாயின் செட்டைத்தான் புதியது என்றேன். அவள் சிரிக்கவில்லை.

போய்ச் சொல்லியிருக்க வேண்டும். இந்த ஞாயிறு, அடுத்த ஞாயிறு என்று தள்ளிக்கொண்டே இருந்தேன். சில மாதங்கள் கழித்து குமணன்சாவடி பஸ் ஸ்டாப்பில் அவரே என்னைப் பார்த்து ஓடி வந்தார்.

"சார், நீங்க சொன்னது நல்லதாப் போச்சு. சாமான் குடுக்கறவன் என்னை ஏமாத்திகினு இருந்துருக்கான். சண்டை போட்டு உறவை அறுத்துகினேன். பூந்தமல்லில குடுத்த செட்டையெல்லாம் வாங்கியாந்து, கைக்காசு போட்டு மாத்திக் குடுத்துட்டேன்."

"இப்ப?"

"ஃபேனுக்குக் காயில் கட்றேன் சார். செட்டுல கை வெக்கவே பயமா கீது. உங்க காது நமக்கு இல்லியே. தப்பா நெனச்சிக்காதீங்க."

இப்போதாவது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

"பரவாயில்ல பாய், விடுங்க" என்று அவரை மன்னித்தேன்.