எங்கள் படலையடியில் நின்ற பஸ்

அண்ணாவின் ஆண்டுத் திவசத்துக்கு வெளியாகும் இந்த மலருக்கு அவரைப் பற்றி எழுதச் சொன்னவர் அண்ணி. "மச்சாள், அவரைப் பெரிய ஆளாக்கி எழுதிப்போடாதேங்கோ. அவருக்கு அது பிடிக்காது. நடந்ததை மட்டும் எழுதுங்கோ, அது காணும்" என்றார். அண்ணியின் சொற்படி நடந்ததை எழுதுகிறேன்.

அண்ணா முரசுமோட்டையில் பிறந்தவர். எங்கள் அப்பா வடமராட்சியிலிருந்து, குடியேற்றத் திட்டத்தில் வயற்காணி கிடைத்து இங்கே வந்தவர். வாய்க்காலில் தண்ணீர் திறந்துவிடும் நாட்களில் வீட்டில் ஒருவரும் இருக்கமாட்டோம். மூத்த பிள்ளை என்றபடியால் அண்ணா படிப்பை இடையில் நிறுத்திவிட்டு அப்பாவுடன் உழவு இயந்திரத்தில் ஏறினார். படித்து ஆசிரியையானது தங்கை நான். பாடசாலையில் எனக்கு நியமனம் கிடைத்த செய்தியை அண்ணா ஊரில் சொல்லாத வீடில்லை.

போரில் இடம்பெயர்ந்து, முகாமில் இருந்து, கூரையில்லாத வீட்டுக்குத் திரும்பி வந்து அடுப்பு மூட்டிய கதை இதை வாசிக்கும் உங்கள் எல்லோருக்கும் இருக்கிறது. ஆகவே அதை நீட்டவில்லை. திரும்பி வந்த பிறகு அண்ணா வயலோடு பஸ் சாரதி வேலையையும் பிடித்துக்கொண்டார். முல்லைத்தீவிலிருந்து யாழ்ப்பாணம் போகும் தனியார் பஸ். புதுக்குடியிருப்பு, விசுவமடு, தருமபுரம், அதன்பின் எங்கள் வீட்டு வாசல் படலை, பரந்தன், ஆனையிறவு என்று போகும் பாதை. நானும் அதே பஸ்ஸில்தான் பளைப் பக்கத்துப் பாடசாலைக்குப் போய்வந்தேன்.

அந்த நாட்களில் அண்ணா தண்ணீர் குடித்து நான் கண்டதில்லை. விடியற்காலை ஒரு தேத்தண்ணியோடு ஏறினால், மத்தியானம் யாழ்ப்பாணத்தில் சாப்பாட்டுக் கடையில் கருவாட்டுக் குழம்பும் சோறும், மேலே ஒரு சோடா. "தண்ணி குடிச்சால் இடையில இறங்க வேணும். இறங்கினால் பின்னால வாறவன் முந்திப்போடுவான்" என்பார். குண்டும் குழியுமான பாதையில் ஓடி ஓடி இடுப்பு நாரி நோகும். அதற்குக் கடையில் வாங்கிய நோக்குளிசை எந்நேரமும் சட்டைப் பையில் இருக்கும்.

ஒரு நாள் ஆனையிறவைக் கடக்கும்போது பஸ் மெல்ல ஓரங்கட்டி நின்றது. அண்ணா விலாவைப் பிடித்துக்கொண்டு ஸ்டீயரிங்கில் சாய்ந்துவிட்டார். வேர்வை ஒழுகியது. நெஞ்சு வலி என்றுதான் எல்லோரும் நினைத்தோம். முந்திவிடுவான் என்று அவர் பயந்த அந்தப் பின் பஸ்தான் வந்து எங்களையெல்லாம் ஏற்றிக்கொண்டு போனது.

வீட்டுக்கு வந்தும் வலி விடாததால் நாட்டு வைத்தியம் பார்க்கும் ஊர்ப் பரியாரியாரிடம் கூட்டிப்போனோம். சிறுநீரகக் கல் என்று சொன்னவர் அவர்தான். நெருஞ்சிலும் சிறுபீளையும் அவித்துக் குடிநீர் செய்து கொடுத்தார். வலி குறைந்தது. அண்ணா மறுபடி பஸ் ஏறினார். சில மாதங்களில் கால் வீங்கத் தொடங்கியது. மீண்டும் குடிநீர் கேட்டுப் போனவரின் கணுக்காலைப் பரியாரியார் பெருவிரலால் அழுத்திப் பார்த்தார்.

"தம்பி, குழி விழுது. என்ர குடிநீர் சின்னக் கல்லுக்கு. இது வேற. இனி மருந்துக்கு என்னட்ட வராதேங்கோ. நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கோ."

அந்த முதியவர் அன்று அப்படிச் சொல்லாதிருந்தால் அண்ணாவோடு நாங்கள் வாழ்ந்த பிந்திய ஆண்டுகள் எங்களுக்குக் கிடைத்திருக்காது.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். ஒரு சிறுநீரகம் கல் அடைத்து நெடுநாளாகிச் சுருங்கிவிட்டது. மற்றதும் களைத்துப்போய் இருந்தது. எங்கள் முன்னால் இருந்த டொக்டர் இளவயதுப் பெண்.

"ஐயா, ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கிறனீங்கள்?"

"தேத்தண்ணி குடிக்கிறனான், பிள்ளை."

"நான் தண்ணியைக் கேட்டனான். சலம் வந்தால் அடக்கிறனீங்களோ?"

"பஸ் ஓடுற எல்லாரும் அடக்கிறதுதானே."

"நோவுக்கு என்ன குடிக்கிறனீங்கள்?"

அண்ணா சட்டைப் பையிலிருந்த குளிசை அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். டொக்டர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது இனி வேண்டாம். போனது போகட்டும் ஐயா. இருக்கிற மற்றதைக் கவனமாப் பாத்தால் கனகாலம் இருக்கலாம்."

அன்றிலிருந்து அந்த மற்றதைப் பார்த்தவர் அண்ணி. வீட்டில் எல்லோருக்கும் உப்பைக் குறைத்தார். கருவாடும் ஊறுகாயும் குசினிக்குள் வருவது நின்றது. சுரைக்காய், புடலங்காய், நீற்றுப்பூசணி, வெள்ளரி என்று கறிகள் மாறின. உறவுக்காரர் ஒருவர் சிறுநீரகத்துக்கு நல்லதென்று காமரங்காய் என்கிற நட்சத்திரப்பழச் சாறு ஒரு போத்தல் கொண்டுவந்தார். அண்ணி அதை வாங்கி வைத்துக்கொண்டு, கிளினிக்கில் டொக்டரிடம் கேட்டார். பழுதான சிறுநீரகத்துக்கு அது நஞ்சாகவும் மாறும் என்றார் டொக்டர். இளநீர், வாழைத்தண்டு, நெருஞ்சில் எதுவானாலும் இரத்தச் சோதனை பார்த்துக் கேட்டுத்தான் கொடுக்கலாம் என்றும் சொன்னார். அதன்பின் யார் எதைக் கொண்டுவந்தாலும் அண்ணி, "கேட்டுப்போட்டுக் குடுக்கிறன்" என்று சிரித்தபடி வாங்கி வைத்துவிடுவார்.

அண்ணாவின் மகன், என் மருமகன், மட்டும் சாப்பாட்டில் முகம் சுளிப்பான். "அப்பா, உங்களுக்கு உப்புக் காணுமோ?"

"நான் ரெண்டு நேரமும் ஆனையிறவு உப்புக் காத்தை விழுங்கிக்கொண்டு வாறன் மகன். எனக்கு அது காணும்" என்பார் அண்ணா.

கல்லை எடுத்து, உடம்பு தேறி, டொக்டரின் அனுமதியோடு அண்ணா மறுபடி பஸ் ஓட்டினார். இப்போது இருக்கைக்குப் பக்கத்தில் ஒரு பெரிய தண்ணீர்ப் போத்தல் இருந்தது. எங்கள் படலையில் பஸ்ஸை நிறுத்தி, வீட்டுக் கழிப்பறைக்கு ஓடிப்போய் வருவார். முதலில் அது அவருக்காக மட்டும்தான்.

ஒரு காலை, பஸ்ஸுக்காக நான் படலையில் நிற்கிறேன். பஸ் வந்து நின்றது. நான் ஏறப் போனேன்.

"தங்கச்சி, ஏறாதை. இந்தப் பிள்ளையை வீட்டுக்குள்ள கூட்டிக்கொண்டு போ" என்றார் அண்ணா.

வயிற்றுப் பிள்ளைக்காரி ஒருத்தி தாயின் கையைப் பிடித்தபடி இறங்கினாள். முகம் வெளிறியிருந்தது. யாழ்ப்பாணத்துக்குக் கிளினிக் போகிறாளாம். உள்ளே போய்வந்தவள், அண்ணி கொடுத்த தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள். பிறகு அண்ணாவிடம் சொன்னாள்: "அண்ணை, புதுக்குடியிருப்பில இருந்து அடக்கிக்கொண்டு வாறன். சொல்ல வெக்கமாக் கிடந்தது. கண்ணாடியில பாத்து நீங்களாக் கேட்டதால தப்பினன்."

அவள் பேசி முடிக்குமுன் பஸ்ஸிலிருந்து இன்னும் சில பெண்கள் சத்தமில்லாமல் இறங்கி வீட்டுப் பக்கம் நடந்தார்கள். அண்ணா இருக்கையில் திரும்பி அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாலை திரும்பி வரும்போது என்னிடம் கேட்டார்: "தங்கச்சி, நீ பள்ளிக்கூடத்தில தண்ணி குடிக்கிறனியோ?"

"இல்லையண்ணா. வீட்ட வந்துதான்."

"ஏன்?"

"பஸ்ஸில வாற பொம்பிளையள் ஒருத்தரும் குடிக்கிறேல்லையண்ணா. குடிச்சால் எங்க போறது?"

அண்ணா மறுநாள் படலையில் பஸ்ஸை நிறுத்தி எழும்பி நின்று சொன்னார்: "வீட்டுக்குப் போக வேணுமெண்டவை போட்டு வாங்கோ. தண்ணியும் குடியுங்கோ. எல்லாரும் வந்தாப்பிறகுதான் பஸ் எடுப்பன்."

அது ஒவ்வொரு நாளும் நடந்தது. பின்னால் வந்த பஸ் முந்தத்தான் செய்தது. பஸ் முதலாளி எங்கள் வீட்டுக்கே வந்து கத்தினார்: "நீ ஓடுறது பஸ்ஸோ, இல்லாட்டிச் சத்திரமோ?"

"முதலாளி, கொஞ்சம் நிண்டால் பஸ் பழுதாகாது. அடக்கி அடக்கி மனிசர் பழுதாகிறதை நான் என்ர உடம்பில பாத்திட்டன்" என்றார் அண்ணா.

முதலாளி பஸ்ஸை எடுக்கும் திறப்பை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அந்தப் போகம் முழுக்க அண்ணா வயலில்தான் நின்றார். பெரிதாகக் கவலைப்பட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் பஸ் போகும் சத்தம் கேட்டால் வரம்பில் நிமிர்ந்து பார்ப்பார்.

அறுவடை முடிந்த கையோடு முதலாளி மறுபடி வந்து கதிரையில் இருந்தார். அண்ணி தேத்தண்ணிக்கு முதல் ஒரு செம்புத் தண்ணீரை நீட்டினார். அவர் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டார். "பொம்பிளையள் ஏறுகினமில்லை. அந்த அண்ணை வருவாரோ எண்டு கேட்டுப்போட்டு அடுத்த பஸ்ஸுக்கு நிக்கினம். இந்தா, திறப்பைப் பிடி" என்றார்.

அதன்பின் அண்ணாவும் மருமகனும் சேர்ந்து படலையோரத்தில் இன்னொரு கழிப்பறை கட்டினார்கள். தண்ணீர்க் குழாயும் வைத்தார்கள். மற்றச் சாரதிகளும் அங்கே நிறுத்தப் பழகினார்கள். இளம் சாரதிகளைக் கண்டால் அண்ணா சும்மா விடமாட்டார். "சட்டைப் பையைக் காட்டு பாப்பம். நோக்குளிசை வைச்சிருக்கிறியோ?" என்று கேட்பார். இரத்தப் பிறஷரையும் சீனியையும் சோதித்தாயா என்று நச்சரிப்பார். பஸ் ஓட்டத்தை விட்ட பிறகும் மாலையில் வாய்க்கால் வரம்பில் நடப்பதை அவர் விடவில்லை.

சென்ற காலபோக நெல் விதைப்பின்போது வயலில் வைத்து நெஞ்சு வலித்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டொக்டர்கள் தங்களால் ஆனதையெல்லாம் செய்தார்கள். கடைசியில் வெளியே வந்த டொக்டர் பழைய குறிப்புகளைப் பார்த்துவிட்டு அண்ணியிடம் சொன்னார்: "அம்மா, ஐயாவின்ர இதயம்தான் நிண்டது. அந்த ஒரு சிறுநீரகம் கடைசி மட்டும் வேலை செய்திருக்கு."

அண்ணி தலையாட்டினார். "அப்ப நான் சமைச்சது வீண் போகேல்லை" என்றார். பிறகுதான் அழுதார்.

இறுதிக்கிரியை நாளில் எங்களுக்கு முகம் தெரியாத பெண்கள் பலர் வந்திருந்தார்கள். ஒருவர் என் கையைப் பிடித்து, "உங்களுக்கு என்னைத் தெரியாது. எனக்கு இந்த வீட்டுக் கிணத்தடி தெரியும்" என்றார்.

அண்ணாவை நீண்ட காலம் எங்களோடு இருக்கச் செய்த பரியாரியாருக்கும், டொக்டர்களுக்கும், தாதியருக்கும், செய்தி கேட்டு ஓடிவந்து அடுப்படியையும் பந்தலையும் பார்த்துக்கொண்ட அயலவருக்கும், தோள் கொடுத்துச் சுமந்த சக சாரதிகளுக்கும், கிரியைகளை நடத்திய குருக்கள் ஐயாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பஸ்ஸில் ஏறி இறங்கிய உங்களுக்கும்தான்.

இந்தப் பாதையால் போகும்போது அவசரமென்றால் அடக்கிக்கொண்டு போகாதீர்கள். சாரதியிடம் சொல்லுங்கள், நிறுத்துவார். படலை பூட்டுவதில்லை. அண்ணி வீட்டில்தான் இருக்கிறார்.

தங்கை