சோறு வடிக்கும் வரை ஓடிய மோட்டார்

படிக்கிறவர்கள் முதலில் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். அஞ்சாம் வகுப்போடு நின்றவள் நான். புள்ளி வைக்க மறப்பேன். எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்பதும் சில சமயம் குழம்பிவிடும். நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்குக் குரல் எழும்பாது. கல்யாண வீட்டில்கூடக் கடைசி இலையாகப் பார்த்து உட்காருகிறவள். அதற்காக மனதில் கோபமே இல்லாதவள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். வாயில் வராததைக் காகிதத்தில் எழுதுகிறேன், அவ்வளவுதான்.

கோபம் ஒரு செல்போனால் வந்தது. நன்றாக உழைத்துக்கொண்டிருந்த போனை இனி இது வேண்டாம் என்று எங்கேயோ உட்கார்ந்து முடிவு செய்தானே, அவன் மேல் முதல் கோபம். மற்றவர்கள் மேல் உள்ளதைப் பின்னால் சொல்கிறேன்.

எங்கள் நிலம் வல்லத்திராக்கோட்டைப் பக்கம். ஊரை விட்டுத் தள்ளி, கண்மாய்க் கரையைத் தாண்டி, தைலமரக் காட்டை ஒட்டி இருக்கிறது. போர் போட்டு மோட்டார் வைத்திருக்கிறோம். மோட்டார் ஓடுகிற கரண்ட் எந்நேரமும் இருக்காது. அது வருகிற நேரத்துக்கு நாம் ஓட வேண்டும். வீட்டுக்காரர் இருந்தவரை அவர் ஓடினார். அவர் போன பிறகு நான் ஓடினேன். மகன் குவைத்தில் இருக்கிறான். ஒரு லீவுக்கு வந்தபோது மோட்டார் கொட்டகையில் ஸ்டார்ட்டருக்குப் பக்கத்திலேயே சிம் போட்ட இன்னொரு பெட்டியை மாட்டினான். தன்னுடைய பழைய போனை என் கையில் கொடுத்தான். அதில் பச்சை வட்டத்தைத் தொட்டால் மோட்டார் ஓடும். சிவப்பு வட்டத்தைத் தொட்டால் நிற்கும். கரண்ட் வந்தால் டிங் என்று தானே சொல்லும்.

எழுத்தெல்லாம் இங்கிலீஷ். நான் நிறத்தை வைத்துப் பழகினேன். பழகுவதற்கு ஒரு கோடை முழுசும் ஆனது. பழகிய பிறகு எனக்கு அது பிடித்துப்போனது. யாரையும் கூப்பிட வேண்டாம், யாரிடமும் கெஞ்ச வேண்டாம், வாயைத் திறக்காமல் தண்ணீர் பாய்ச்சலாம். என்னைப் போன்றவளுக்கு வேறென்ன வேண்டும்.

இங்கே பக்கத்து வயல்காரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீட்டுக்காரருக்குப் பங்காளி ஒருவர், அவருடைய மனைவி. எனக்கு ஓரகத்தி முறை, வயதில் சின்னவள். வரப்புத் தகராறில் ஒருநாள் அந்த மனிதர் மண்வெட்டியை ஓங்கிக்கொண்டு என் வீட்டுக்காரரை அடிக்க வந்துவிட்டார். என் மகன் அப்போது பள்ளிக்கூடம் போகிற பிள்ளை, பக்கத்திலேயே நின்று பார்த்தான். அதோடு பேச்சுவார்த்தை நின்றது. நல்லது கெட்டதுக்குப் போவதும் நின்றது. இரண்டு ஆண்களும் இப்போது இல்லை. பகையை மட்டும் எங்களிடம் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அவள் களை பிடுங்கினால் அதை என் பக்கம்தான் எறிவாள். நான் பொறுக்கித் தைலமரக் காட்டில் போடுவேன்.

அவள் போர் வற்றிப்போனது. கொஞ்சம் முல்லை வைத்திருந்தாள். விடிகிற முன்னால் பறித்துப் பூக்கடைக்கு அனுப்புவாள், அவளுடைய சாப்பாடு அதில்தான். ஒரு பங்குனியில் கொடியெல்லாம் சுருண்டு போய் நின்றது. என் கடலைக்குப் பாய்ந்து முடிந்த தண்ணீரை அன்றைக்கு நான் நிறுத்தவில்லை. கடைசிப் பாத்தி நிரம்பி, வரப்பில் நண்டு போட்ட பொத்தல் வழியாக அவள் பக்கம் போனது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை, தண்ணீரைப் பார்த்தாள். மண்வெட்டியை எடுத்து முல்லைக்கு மடை வெட்டிவிட்டாள்.

அதிலிருந்து அதுவே வழக்கமானது. கடலைக்குப் பாய்ந்து முடிகிற நேரத்துக்கு நான் வீட்டில் உலை வைப்பேன். அரிசி போட்டு, வெந்து, சோறு வடிக்கிற வரைக்கும் ஓடுகிற தண்ணீர் அவளுக்கு. வடித்துவிட்டுச் சிவப்பைத் தொடுவேன். நாங்கள் இரண்டு பேரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. களையை என் பக்கம் எறிவதை அவள் நிறுத்தினாள். அது போதும் என்று நானும் இருந்தேன்.

இப்படி இரண்டு மூன்று வருஷம் போனது என்று நினைக்கிறேன். அப்புறம் ஒருநாள் காலையில் போனில் ஏதோ இங்கிலீஷில் வந்து நின்றது. அடியில் ஒரு கட்டம். அதைத் தொட்டேன், போய்விட்டது. மறுநாளும் வந்தது. தொட்டேன், போனது. வாசலில் வந்து நிற்கிற ஆளைப் போகச் சொல்வது போலத் தினமும் போகச் சொன்னேன். ஒருநாள் அது போகவில்லை. பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை. கொட்டகைக்குப் போய் ஸ்டார்ட்டரை அமுக்கினாலும் மோட்டார் ஓடவில்லை.

பஸ் ஏறிப் புதுக்கோட்டைக்குப் போனேன். போன் கடையில் இருந்தவன் வாங்கிப் பார்த்தான், திருப்பிப் பார்த்தான்.

"ஆத்தா, இந்தப் போனுக்கெல்லாம் காரியமே பண்ணியாச்சு" என்றான். கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

"பேசினா கேக்குதே தம்பி" என்று மெதுவாகச் சொன்னேன்.

"கேக்கும். உள்ள இருக்கிற சிஸ்டத்தைக் கம்பெனிக்காரன் கைகழுவிட்டான். இனிமே ஒண்ணொண்ணா நிக்கும். முகம் பாத்துப் பேசுறதும் நின்னுரும். புதுசு வாங்கிருங்க."

முகம் பார்த்துப் பேசுவது நிற்பதில் எனக்கு வருத்தமில்லை. மகன் முகத்துக்குப் பக்கத்திலேயே என் முகமும் ஒரு மூலையில் தெரியும், எனக்குக் கூசும். மற்றதைத்தான் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. எங்கள் வீட்டுத் தையல் மிஷினைச் செய்த கம்பெனியை மூடி எத்தனையோ வருஷமாயிற்று. அது இன்றைக்கும் தைக்கிறது. மூடியவன் வந்து ஊசியைப் பிடுங்கிக்கொண்டு போகவில்லை. இதைக் கடையில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லத் தெரியாமல் இறங்கி வந்தேன். குடையையும் அங்கேயே வைத்துவிட்டேன். திரும்பப் போய்க் கேட்க வெட்கப்பட்டு, வெயிலில் நின்று பஸ் ஏறினேன்.

சாயங்காலம் மகன் கூப்பிட்டான். சொன்னேன்.

"அதுக்கு ஏம்மா இவ்ளோ வெசனப்படுற? என் போன்லயும் அதே ஆப்பு இருக்கு. நா இங்கேர்ந்தே போட்டு இங்கேர்ந்தே அமத்திக்கிறேன். லீவுக்கு வாரப்ப ஒனக்குப் புதுசு கொண்டாரேன். நீ சும்மா இரும்மா."

சும்மா இரு என்று சொன்னதை நன்றியோடு கேட்டுக்கொள்ள வேண்டும் என்று அவன் நினைத்தான். என் கடலை எப்போது குடிக்கிறது என்று எனக்கே தெரியாமல் போனது. ஒருநாள் செருப்பை வாய்க்காலில் கழற்றி வைத்துவிட்டுக் களை எடுத்துக்கொண்டிருந்தேன். சொல்லாமல் கொள்ளாமல் தண்ணீர் வந்து செருப்பை அடித்துக்கொண்டு போனது. கடலைக்குக் குறை வைத்தான் என்று நான் சொல்ல மாட்டேன். அங்கே இருந்துகொண்டு அளந்து வைத்தது போல விட்டான். அளந்து வைத்தது போல நிறுத்தினான். கடைசிப் பாத்தி நனையும், உடனே நின்றுவிடும். வரப்புப் பொத்தலைத் தாண்டி ஒரு சொட்டுப் போகாது.

முல்லை சுருள ஆரம்பித்தது. ஒருநாள் காலையில் நான் போனபோது என் பாத்தியில் ஒரு அணைப்புக் களை கிடந்தது. நான்தான் வேண்டுமென்றே நிறுத்திவிட்டேன் என்று நினைத்திருக்கிறாள். வேறென்ன நினைப்பாள்? பழி என் தலையில் விழுந்தது. போய்ச் சொல்லலாம் என்றால் இத்தனை வருஷம் பேசாதவளிடம் எந்த வாயைக் கொண்டு பேசுவது? மகனிடம் சொல்லலாம் என்றால், அந்த மண்வெட்டி இன்னும் அவன் கண்ணில் நிற்கிறது. அந்த வீட்டுக்கா தண்ணீர் விட்டாய் என்று கேட்பான்.

ஆனாலும் சுற்றி வளைத்துக் கேட்டுப் பார்த்தேன். "தம்பி, கூடக் கொஞ்ச நேரம் ஓடட்டுமே."

"எதுக்கும்மா? ஈரம் பத்தலயா?"

"பத்துது."

"அப்பறம் என்ன? நா பாத்தேம்மா, எல்லாம் இதுல இருக்கு. நீ வச்சிருந்தப்ப டெய்லி அர மணி நேரம் கூடத்தான் ஓடிருக்கு. போட்டுட்டுத் தூங்கிருக்க" என்று சிரித்தான். "இனிமே ஒனக்கு அந்தத் தொல்ல இல்ல."

நான் தூங்கியதாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஆனால் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. மறக்கிறவள் என்று நானே என்னைச் சொல்லிக்கொள்வேன். மேலே ஆரம்பத்திலேயே சொல்லியிருக்கிறேன். அதை இன்னொருவர் சிரித்துக்கொண்டே சொல்லும்போது வேறு மாதிரி இருக்கிறது. நான் ஓடவிட்ட நேரமெல்லாம் அவன் கைக்குள் பதிந்து கிடக்கிறது என்பதும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அதற்குப் பிறகு ஒருநாள் மத்தியானம். நான் களை எடுத்துக்கொண்டிருந்தேன். அவள் வரப்புக்கு அந்தப் பக்கம் ஆட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆட்டிடம் சொன்னாள்:

"ஏய், இங்கிட்டு வா. அங்கிட்டுப் போயி வாய வைக்காத. ஆசை காட்டிட்டு அப்பறம் வாயக் கட்டுற வீடு அது."

எங்கள் பக்கம் பேச்சில்லாதவர்கள் இப்படித்தான் பேசிக்கொள்வார்கள். ஆட்டிடமும் கோழியிடமும் சொல்வார்கள், கேட்க வேண்டியவர் காதில் விழும். அவள் சொன்னது பொய். பொய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பக்கத்தில் ஆடு இல்லை, கோழி இல்லை. கொட்டகை மேல் ஒரு காக்கை உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்துச் சொன்னேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"பட்டன் இப்ப என் கையில இல்ல. அது கடல் தாண்டிப் போயிருச்சு. என் போனக் கம்பெனிக்காரன் கைவிட்டுட்டான். மகன் அங்கேர்ந்து அமத்துறான். நான் வயித்தெரிச்சல்ல கெடக்கேன்."

காக்கை பறந்துவிட்டது. அவள் ஆட்டின் கழுத்துக் கயிற்றை அவிழ்த்தாள், மறுபடி கட்டினாள். பிறகு ஆட்டிடம் சொன்னாள்.

"எங்க போரு இருந்தப்ப நாங்களும் அந்தப் பெட்டிதான் வச்சிருந்தோம். அதுல ஒரு திருகு இருக்கும். இங்கிட்டுத் திருப்புனா போனு. அங்கிட்டுத் திருப்புனா கை. இது தெரியாமயா ஒருத்தி இத்தன நாளு பெட்டிக்குப் பூச பண்ணிட்டிருந்தா?"

கடைசி வாக்கியம் அவளுக்குத் தேவையில்லாதது. அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

திருகு இருப்பது எனக்குத் தெரியும், அது எதற்கென்றுதான் தெரியாது. மகன் கறுப்பு டேப்பைச் சுற்றி, "இதத் தொட்றாதம்மா, ஷாக் அடிக்கும்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். பயத்தில் அந்தப் பக்கம் துணிகூடத் தொங்கவிட்டதில்லை. அன்றைக்கு அவன் அளந்து நிறுத்திய பிறகு கொட்டகைக்குள் போனேன். கையை முந்தானையில் துடைத்தேன். டேப்பை உரித்தேன். கட்டையின் மேல் ஏறி நின்று, விறகுக் குச்சியால் திருகைத் தள்ளினேன். ஷாக் ஒன்றும் அடிக்கவில்லை. ஸ்டார்ட்டரில் பச்சைப் பட்டனை அமுக்கினேன். மோட்டார் ஓடியது. அந்தச் சத்தத்தைக் கேட்டபோது எனக்கு வந்ததைச் சந்தோஷம் என்று சொல்ல முடியாது. யாரையோ ஒரு அறை விட்ட மாதிரி இருந்தது.

தண்ணீர் கடைசிப் பாத்தியைத் தாண்டிப் பொத்தலுக்குள் இறங்கியது. அவள் மண்வெட்டியால் வெட்டிவிட்டாள். என்னைப் பார்க்கவில்லை. மறுநாள் என் பாத்தியில் களை இல்லை. வரப்பின் மேல் ஒரு பிடி மட்டும் கிடந்தது. மறந்து போட்டாளா, பழக்கத்தை விட மனம் வரவில்லையா, எனக்குத் தெரியாது.

இப்போது இப்படித்தான் நடக்கிறது. வீட்டிலிருந்து தொட்டது போய், இந்த வயதில் தினமும் கண்மாய்க் கரை ஏறி இறங்குகிறேன். உலை வைத்து நேரம் பார்க்க முடியவில்லை. அவள் முல்லையின் கடைசிக் கொடி வரைக்கும் ஈரம் ஏறுகிறதா என்று பார்த்துவிட்டு நிறுத்துகிறேன். பிறகு குச்சியால் திருகைப் பழையபடி தள்ளிவிட்டு வருகிறேன். முட்டி வலிக்கிறது. அந்தக் கம்பெனிக்காரனை ஒவ்வொரு நாளும் போகும்போது ஒருமுறை, வரும்போது ஒருமுறை திட்டுகிறேன்.

போன வாரம் மகன் கேட்டான். "என்னம்மா, பெட்டி அப்பப்பக் கட்டாவுது? அறந்தாங்கியிலேர்ந்து ஆள வரச் சொல்லவா?"

"சிக்னல் இல்லாம இருக்கும் தம்பி" என்றேன். என்னோடு பேச அவனுக்கு நேரமில்லாத நாளில் அவன் சொல்கிறதுதான் அது. அவனிடம் கற்றதை அவனுக்கே சொன்னேன்.

அடுத்த மாதம் லீவுக்கு வருகிறான். புதுப் போன் கொண்டு வருகிறானாம். மோட்டார் ஓடுவதும் நிற்பதும் என் போனிலும் அவன் போனிலும் ஒன்றாகத் தெரியுமாம். பச்சை மறுபடி என் கைக்கு வரும். அவன் கண்ணும் கூடவே வரும்.

அதனால்தான் இதை எழுதினேன். நான் எழுதியதில் பெட்டி, திருகு இதெல்லாம் தப்பாக இருக்கலாம். விவரம் தெரிந்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்துங்கள். முக்கியமாக ஒன்றைப் பார்த்துச் சொல்ல வேண்டும். திருகைக் கைப் பக்கம் தள்ளி ஓட்டிய நேரம் அந்தப் போனில் பதியுமா, பதியாதா? பதியும் என்றால் அவன் வருவதற்குள் நானே அவனிடம் சொல்லிவிட வேண்டும். சொல்வதற்கு நான் பழக வேண்டும். அதற்குக் கொஞ்சம் நாள் பிடிக்கும்.