சித்தப்பாவின் தோளில் என் இடம்

தேங்காயெண்ணெயில் கற்பூரம் உருகும் மணம் எங்கிருந்து வந்தாலும் என் வலது குதிகால் குறுகுறுக்கிறது. ஐம்பதைக் கடந்த குதிகால். இன்னும் யாரோ அதைக் கூப்பிடுவது போல இருக்கிறது.

நான் கால் முன்னே வந்து பிறந்தவள். அப்படிப் பிறந்தவர்கள் மிதித்தால் சுளுக்கு ஓடிவிடும் என்பது திருநெல்வேலியிலிருந்து எங்களோடு கப்பலேறி அந்தமானுக்கு வந்த நம்பிக்கை. நாங்கள் குடியிருந்த பாம்பூஃப்ளாட்டில் இடுப்புப் பிடித்தவர்கள் எங்கள் வாசலில் வந்து குப்புறப் படுப்பார்கள். தமிழர், வங்காளி, தெலுங்கர், யாரானாலும் முதுகு முதுகுதான். எண்ணெய் தொட்ட குதிகாலால் நீவிவிட்டு மிட்டாய் வாங்கிக்கொள்வேன். ஏழு வயதில் எனக்கிருந்த கர்வம் பிறகு எப்போதும் வாய்க்கவில்லை.

அந்த ஏழு வயதில் ஒருநாள். சித்தப்பாவுக்கு மறுநாள் கப்பல். திருநெல்வேலியில் பெண் பார்த்து முகூர்த்தம் குறித்துவிட்டார்கள். இந்தக் கப்பலை விட்டால் அடுத்தது எப்போதென்று கடலுக்கே தெரியாது. அக்கரை டவுனில் கல்யாணச் சட்டை வாங்கித் திரும்பியவர், ஃபெரிப் படகைக் கயிற்றால் கட்டும் முன்பே வழக்கம்போல் படகுத்துறையில் குதித்தார். பாசி வழுக்கியது. நீட்டிய கையின் மேலேயே விழுந்தார்.

இடது கையை வலது கையால் ஏந்தியபடி வீட்டுக்கு வந்தார், தூங்கும் குழந்தையை ஏந்துவது போல.

"சுளுக்குதாம்ல. விடிஞ்சா சரியாயிரும்," என்றார் அப்பா. அவருக்கு அது சுளுக்காக இருந்தே தீரவேண்டும். பக்கத்து வீட்டு வங்காளி அக்காவும் "மோச் ஹை, மோச்" என்று சுளுக்குக்கே இந்தியில் ஒத்துப் பாடினாள். அம்மா எண்ணெயைச் சுடவைத்தாள்.

"ஏட்டி, வந்து மிதி," என்றார் அப்பா.

சட்டையைக் கழற்ற முடியவில்லை. அம்மா கத்தரித்து எடுத்தாள். எண்ணெயில் குதிகாலைத் தொட்ட நான் அப்படியே நின்றுவிட்டேன். தினமும் படகுத்துறையிலிருந்து வீடு வரை நான் உட்கார்ந்து வரும் தோள் அது. அதன் உருண்டை எனக்கு அத்தனை பழக்கம். அந்த உருண்டையைக் காணோம். எலும்பு முனை மேசை மூலையாய்த் துருத்தியிருந்தது. அதன் கீழே பள்ளம். முன்பக்கம், அக்குளருகே, எப்போதும் இல்லாத ஒரு புடைப்பு.

"இங்க நான் உக்கார்ற இடம் இல்லப்பா."

"கிறுக்கு மாதிரிப் பேசாத. மிதிட்டி."

"தோப்புக்கரணம் போடுங்க, சித்தப்பா," என்றேன், அந்தக் கை காதுக்கு எட்டுகிறதா என்று பார்க்க.

வலியிலும் அவருக்குச் சிரிப்பு வந்தது. "குதிச்சதுக்குத் தண்டனையாட்டி?" என்றபடி இடது கையை வலது காதுக்குக் கொண்டுபோகப் பார்த்தார். முழங்கை உடம்பைவிட்டு விலகியே நின்றது. மார்பைத் தாண்ட மறுத்தது. சிரிப்பு பாதியில் வெளுத்தது.

அப்பா இப்போதுதான் அந்தத் தோளை உண்மையில் பார்த்தார். "எலும்பு எறங்கிருக்குல்ல," என்றார். அம்மா எண்ணெய்க் கிண்ணத்தை என் காலருகிலிருந்து நகர்த்தி வைத்தாள்.

அடுத்த ஃபெரியிலேயே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் மயக்கம் கொடுத்து, தோளை அதன் இடத்தில் இருத்தி, கையை மார்போடு சேர்த்துக் கட்டினார். கப்பலேறலாம், ஆனால் எதையும் தூக்கக் கூடாது.

எதையும் என்பதில் நானும் சேர்த்தி என்று யாரும் சொல்லவில்லை. மறுநாள் கப்பலடியில் பழக்கத்தில் இரு கைகளையும் உயர்த்தி நின்றேன். அவருடைய புதுச் சட்டையின் ஒரு கை வெறுமையாகக் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அம்மா அழுதாள். தோள்தான் சரியாகிவிட்டதே, ஏன் அழுகிறாள் என்று நினைத்தேன். மெயின்லேண்டுக்குப் போகிறவர்கள் ஒரு வீட்டு மருமகனாகி அங்கேயே தங்கிவிடவும் கூடும் என்பது எனக்கு அப்போது தெரியாது.

சித்தப்பா குனிந்து, நல்ல கையை என் தலையில் வைத்து லேசாக அழுத்தினார்.

"நான் வர்ற வரைக்கும் வளந்துராதட்டி."