சரிவில் நின்ற கார்

பார்க்கப் போனது மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடிய கார். எனக்கோ ஏழு மாதம். பன்வில மேட்டில், விற்கிறவர் வீட்டு வாசலில் எனக்கு உட்கார ஒரு கதிரையைப் போட்டுவிட்டு, என் வீட்டுக்காரரும் வெளியூரில் வேன் ஓட்டுகிற என் அண்ணனும் அந்தக் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். பெண் பார்க்க வந்தவர்கள்கூட என்னை இவ்வளவு நேரம் பார்க்கவில்லை.

ஏன் கார் என்று சொல்லிவிடுகிறேன். முதல் பிள்ளைக்கு வலி கண்ட காலையில், சொல்லி வைத்திருந்த வாடகை வேன் வரவில்லை. ஸ்டார்ட் ஆகவில்லையாம். கடைசியில் அது வந்து, என்னை ஏற்றிக் கண்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அந்தப் பிள்ளையின் அழுகையை நான் கேட்கவேயில்லை. "இனி எவன் வண்டியையும் நம்பி ஒன்னய விடமாட்டேன்" என்றார் இவர். சொல்லிவிட்டார், சரி. எங்கள் கைக்கு எட்டியது கிழட்டு வண்டிதானே? அதற்கு இன்னும் எவ்வளவு ஆயுசு என்று பார்த்துச் சொல்லத்தான் அண்ணன்.

அண்ணன் மீட்டர் பக்கமே திரும்பவில்லை. பிரேக் மிதியின் ரப்பரைத் தடவினார். வழுவழுவென்று தேய்ந்திருந்தது. ஒயில் மூடியின் உள்பக்கத்தை விரலால் வழித்து முகர்ந்துவிட்டுச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டார். அண்ணிதான் பாவம். பிறகு அடியில் படுத்துத் துருவைச் சுரண்டினார். "எப்படிண்ணே?" என்றால், "இருடி" என்று மட்டும் பதில் வந்தது.

விற்கிறவர் தோட்டத்துக் கந்தோரில் கிளார்க் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர். "ஏறுங்க, ஓட்டித்தான் பாருங்களேன்" என்றார். மலையில் எல்லா வண்டிகளையும் போல அந்தக் காரும் இறக்கத்தைப் பார்த்து, முன் டயருக்கு அண்டை கொடுத்த ஒரு கல்லோடு நின்றது. நாங்கள் ஏறியதும் பெரியவர் கல்லை எடுத்துப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். இவர் ஹேண்ட்பிரேக்கை விட்டார். கார் தானாக உருண்டு, கியர் விழுந்ததும் என்ஜின் பிடித்துக்கொண்டது. பேட்டரிக்கு நல்லது என்று இங்கே எல்லோரும் அப்படித்தான் வண்டி எடுப்பார்கள். அதனால் எங்களில் ஒருவருக்கும் அது உறுத்தவில்லை.

வழியில் ஓர் ஏற்றத்தில் என்ஜினை அணைக்காமலே வண்டியை நிறுத்தி எடுக்கச் சொன்னார் அண்ணன். கார் பின்னால் ஓர் அங்குலம்கூட வழுக்கவில்லை. புகையையும் பார்த்தார். "நீலப் பொகை இல்ல மச்சான், என்ஜின் ஒயில் குடிக்கல. இன்னும் பத்து வருசம் ஓடும்." அப்போதுதான் நான் மூச்சை ஒழுங்காக விட்டேன்.

வத்தேகமவில் ரயில் கேட் போட்டிருந்தது. பெற்றோல் வீணாகுமே என்று இவர் என்ஜினை நிறுத்தினார். ரயில் போயிற்று, கேட் திறந்தது. இவர் சாவியைத் திருப்பினார். டக்.

மறுபடியும் திருப்பினார். டக். ரோட்டோ தட்டை. பின்னால் பஸ்காரன் ஹோர்னில் வைத்த கையை எடுக்கவில்லை.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல." டக்.

"தள்ளுனா எடுத்துரும்" என்றார் பெரியவர். "ஸ்டார்ட்டர் கொஞ்ச நாளாச் சரியில்ல. நம்ம வாசல் சரிவுதானே, தேவப்படல. நீங்களும் கேக்கல."

கேட்கவில்லையாம்! எனக்கு வந்ததே ஆத்திரம். கதவைத் திறந்து இறங்கினேன். "ஏங்கய்யா, எனக்கு வலி வர்ற நேரம் பார்த்து வண்டி சரிவுல நிக்குமா? இல்ல, நானே தள்ளிக்கிட்டே பெத்துக்கணுமா?"

பஸ்ஸில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். அந்த வேனும் அன்றைக்கு எங்கோ நின்று இப்படித்தானே டக் டக்கென்றிருக்கும்? அதை நினைத்ததும் நடுரோட்டில் நின்று அழுதேன்.

அண்ணனும் பஸ் கொண்டக்டரும் சேர்ந்து தள்ளினார்கள். "ஸ்டார்ட்டர மாத்திட்டா வண்டி தங்கம்டி" என்றார் அண்ணன், மூச்சு வாங்கிக்கொண்டு.

"தங்கமோ தகரமோ, மாத்திட்டு இதே எடத்துக்குக் கொண்டாங்க. என்ஜின் ஆறணும். சாவிய நான்தான் போடுவேன்."

பெரியவர் தன் செலவிலேயே மாற்றிக் கொடுத்தார். அடுத்த வாரம் அதே கேட் பக்கத்தில், என்ஜின் ஆறும்வரை நால்வரும் வெயிலில் நின்றோம். சாவியைத் தொடவே எனக்குப் பயம். கண்ணை மூடிக்கொண்டு திருப்பினேன். முதல் திருப்பிலேயே எடுத்தது. வாங்கினோம்.

ஆனால் பழக்கம் விடுமா? எங்கள் வாசலிலும் இவர் காரைச் சரிவில் நிறுத்திக் கல் வைத்தார். வலி கண்ட காலையில் என்னை ஏற்றிவிட்டு ஓடிப்போய், மழையில் இறுகிக் கிடந்த கல்லைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். அசையவில்லை. எனக்கு உயிர் போய் வந்தது.

"கல்ல விடுங்க! சாவியப் போடுங்க!" என்று கத்தினேன்.

ஓடிவந்து சாவியைப் போட்டார். எடுத்தது. காரைப் பின்னுக்கு எடுத்து, கல்லைச் சுற்றிக்கொண்டு சரிவில் இறங்கினோம்.

கண்டி ஆஸ்பத்திரியில் மகள் பிறந்தாள். தாதி காதைப் பொத்திக்கொண்டு, "அப்பா, என்னா சத்தம்!" என்று சிரித்தார்.

"கத்தட்டும் மிஸ்" என்றேன். "நல்லாக் கத்தட்டும்."