ஆறாம் இடத்தில் இருந்த கிளவுஸ்

போன செவ்வாய்க்கிழமை காலை, "நான் இண்டைக்கு வேலைக்குப் போகேல்லை" என்று என் மனைவி தவம் கட்டிலிலேயே இருந்துவிட்டாள்.

ரொறன்ரோவுக்கு வந்த எட்டு வருடத்தில் ஒருநாள் லீவு எடுக்காதவள்! காய்ச்சலா? இல்லை.

"பக்டரிக்கு ஆமிக்காரர் வருகினமாம்."

ரெக்ஸ்டேலில் அவள் தைக்கிற பக்டரிக்கு கனடிய ராணுவத்தின் குளிர் உடுப்பு ஓடர் கிடைத்திருக்கிறது. வரும் வருடங்களில் படையினருக்கு எதை முதலில் புதிதாக்குவது — சப்பாத்தா, ஜக்கெற்றா, முதுகுப் பையா — என்று முடிவெடுக்கமுன், தைக்கிறவர்களையும் கேட்டுப் பார்க்க அதிகாரிகள் வருகிறார்களாம்.

"அது கனடா ஆமியப்பா. உமக்கென்ன பயம்?"

"ஆமி ஆமிதானே..."

யாழ்ப்பாணத்தில் ஒவ்வொரு ஆமிச் சென்றியிலும் சோதனைக்கு அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு நின்றவள்.

ஆனாலும் போனாள். போனால், சுப்பவைசர் வாசலிலேயே பிடித்துவிட்டார். "என்ன கேட்டாலும் எல்லாம் குட் எண்டு சொல்லுங்கோ. ஓடர் போனால் வேலையும் போகும்!"

பின்னேரம் வந்தவள், சப்பாத்தைக் கழற்றாமலே கதையைத் தொடங்கினாள்.

மேசையில் மாதிரி உடுப்புகள். சுவரில் அவசர வரிசைப் பட்டியல். முதலாவது சப்பாத்து. கிளவுஸும் சட்டைப்பையை இழுத்து மூடுகிற சிப்பும் ஆறாவது. ஒரு மேஜர் வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தார். எல்லோரும் குட், குட், குட். தவத்தின் முறை வந்தது.

"உந்தக் கிளவுஸைப் போட்டுக்கொண்டு உந்தச் சிப்பைத் திறந்து காட்டுங்கோ எண்டு எனக்குத் தெரிஞ்ச இங்கிலிசிலை சொல்லிப்போட்டன்!"

சுப்பவைசரின் முகம் கறுத்துவிட்டது. மேஜர் கிளவுஸை மாட்டினார். சிப்பை இழுத்தார். இன்னொரு தரம் இழுத்தார். ஊஹும்! கழற்றித்தான் திறந்தார்.

"மைனஸ் முப்பதிலை கழட்டினால் விரல் என்னத்துக்காகும்?" என்று இவள் கேட்டிருக்கிறாள்.

இதை எங்கே படித்தாள்? பஸ் தரிப்பில்! எட்டு வின்ரர், கிளவுஸைக் கழற்றி, பர்ஸைத் திறந்து, ரிக்கெற் எடுத்து விறைத்தவள். கடைசியில் பர்ஸின் சிப்பில் ஒரு சப்பாத்துக் கயிற்றைக் கட்டினாள். தடித்த கிளவுஸோடு ஒரே இழுவை — திறந்துவிடும். அதை நான் எத்தனை தரம் பகிடி பண்ணியிருப்பேன்... அந்தப் பர்ஸையே மேசையில் வைத்துக் காட்டினாளாம்!

மேஜர் நேரே சுவருக்குப் போய் ஆறாவதை வெட்டி, சப்பாத்துக்கு மேலே எழுதினார். ஓடர் எங்கும் போகவில்லை. சிப்புக்கு நாடா வைக்கிற வேலையும் இவளின் மெசினுக்குத்தான் வருகிறதாம்.

பெரிய திட்டம் போடுகிறவர்களுக்கு டாங்கியும் ஹெலிகொப்டரும்தான் முதலில் கண்ணில் படும். எது அவசரம் என்று குளிரில் நிற்கிறவரைக் கேட்க வேண்டாமா? கேட்டார்களே, அது பெரிய விஷயம். எனக்கென்றால் பெருமை தாங்கவில்லை. பிறம்ரனில் இருக்கும் மச்சானில் தொடங்கி நாலு வீட்டுக்குப் போன் அடித்துவிட்டேன்.

இரவுச் சாப்பாட்டில் கேட்டேன்: "யூனிபோமோடை முன்னாலை வந்து கேக்கேக்கை பயமா இருக்கேல்லையே?"

"யூனிபோம்காரர் என்னைக் கேள்வி கேக்கிறது புதுசே?" என்றாள். "நான் சொன்னதை நம்பினதுதான் இது முதல்தரம்."

இந்தக் கிழமைப் பத்தியில் எழுத வேறொரு விஷயம் வைத்திருந்தேன். அது ஆறாம் இடத்துக்குப் போய்விட்டது.