மண் படாத பச்சை

மகள் கால்பந்து விளையாடுவதைப் பார்க்க யூஜின் மைதானத்துக்குப் போனதே கிடையாது. சனிக்கிழமை சாயங்காலம் ஜெனிலா கழற்றிப் போடும் வெள்ளைச் சட்டை அவருக்குப் போதும். ஷார்ஜாவில் ஒரு ஓட்டலின் சலவைக் கூடத்தில் பதினாலு வருசம் நின்ற மனிதர். இப்போது கொளச்சலுக்கு மேற்கே கடற்கரை ஊரில், வீட்டு முன்னறையிலேயே சலவைக் கடை. லாட்ஜுகளின் படுக்கை விரிப்பெல்லாம் சனிக்கிழமைதான் வந்து குவியும். பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகளுக்கு மேட்சும் அன்றைக்குத்தான். கடையைப் பூட்டிவிட்டுப் போக மனசு வராது. அதனால் கறையைப் பார்த்தே ஆட்டத்தைப் பார்க்கப் பழகிக்கொண்டார்.

செம்மண் ஈரமாக இருக்கும்போது அவர் தண்ணீரைக் காட்டமாட்டார். காயவிட்டு உதறி, பழைய டூத் பிரஷால் தட்டித் தட்டி எடுப்பார். புல் கறையென்றால் சட்டையை உள்ளே வெளியே திருப்பி, பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்துக் கறையின் பின்பக்கமாக ஒற்றுவார். அப்புறம்தான் சோப்பும் பச்சைத் தண்ணீரும். வெந்நீர் விட்டால் போச்சு, கறை சட்டையோடு குடும்பம் நடத்தத் தொடங்கிவிடும் என்பார்.

இதையெல்லாம் கை அதுபாட்டுக்குச் செய்துகொண்டிருக்கும். ஆள் அங்கே இருக்கமாட்டார். வாளியில் நுரை பொங்கப் பொங்க, சுவருக்கு அந்தப் பக்கம் அலையடிக்கிற சத்தம் கூட்டத்தின் கூவலாக மாறும். யூஜின் இரணியல் பக்கத்துப் புல் மைதானத்தின் ஓரத்தில் நிற்பார். இடது தொடைப் பக்கம் நீளமாகச் செம்மண் இழுத்திருந்தால், பந்தை மறிக்கச் சறுக்கியிருக்கிறாள். முழங்கையில் பச்சை இருந்தால், விழுந்தவள் கையூன்றி எழுந்திருக்கிறாள். கண்டதையெல்லாம் சத்தமாகச் சொல்லுவார். கதவில் சாய்ந்துகொண்டு அந்தப் பதின்மூன்று வயதுக்காரி வாயைப் பிளந்து கேட்பாள், ஆடியது வேறு யாரோ என்பதுபோல.

மீன் விற்றுவிட்டு வரும் ரீத்தாவுக்குப் புருசனின் இந்தக் கூத்து பொறுக்காது.

"மவளுக்க சட்டையைப் பிடிச்சிட்டு இந்தக் கொஞ்சு கொஞ்சுதிய. எனக்க சேலையில உள்ள செதிலு என்ன கதை சொல்லுதுன்னு ஒரு நாளாவது பாத்தியளா?"

"அது தெனமும் ஒரே கதைதானட்டி" என்பார் யூஜின். ரீத்தா சிரித்துக்கொண்டே உள்ளே போய்விடுவாள்.

இந்த வருசம்தான் ஜெனிலாவைப் பள்ளி அணியில் சேர்த்திருந்தார்கள். அன்று ஐந்தாவது சனிக்கிழமை. யூஜின் சட்டையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். வலது விலாவில் உள்ளங்கை அகலத்துக்குப் பச்சை, முழங்கையிலும் பச்சை. பிரஷை எடுத்துத் தட்டினார். ஒரு பொடி மண் உதிரவில்லை. இன்னும் பலமாகத் தட்டினார். கறை ஒரு பக்கமாக இழுபட்டிருக்கவும் இல்லை. வட்டமாகச் சுற்றிச் சுற்றி வந்திருந்தது.

கை அப்படியே நின்றுவிட்டது. போன இரண்டு வாரமும் மண் இல்லைதான். மழை பெய்து புல் அடர்ந்திருக்கும், மண் ஏறவில்லை என்று தனக்குத்தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டார். பொய். புல் எவ்வளவு அடர்ந்தாலும் விழுகிற பிள்ளையின் சட்டையில் கொஞ்சம் மண்ணையும் சேர்த்துத்தான் அனுப்பும். ஜெனிலா மாதா கோயிலுக்குப் பின்னாலுள்ள மணலில் ஓடி வளர்ந்தவள். மணலில் விழுந்தால் தட்டிவிட்டு எழுந்திருப்பாள். புல் கறை என்றால் பச்சை மட்டும்தான் என்று நினைத்துவிட்டாள்.

அவள் மைதானத்தில் இறங்கவே இல்லை. புல்லைப் பறித்துச் சட்டையில் தேய்த்திருக்கிறாள். எதற்காக? இந்த வாளிக்குப் பக்கத்தில் நின்று அப்பா சொல்லும் ஆட்டத்தைக் கேட்பதற்காக. அவள்மேல் கோபம் வரவில்லை. கண்டுபிடித்துவிட்டதாகச் சொன்னால் அவளுக்கு மிச்சமிருக்கும் இந்த ஒரு ஆட்டமும் போய்விடும்.

"அப்பா, சொல்லுங்க. இன்னைக்கு எப்பிடிக் களிச்சேன்?"

யூஜின் பஞ்சை நனைத்தார்.

"வலது பக்கம் ஒருத்தி பந்தைக் கொண்டுட்டுப் பாய்ஞ்சு வந்தா மக்கா. பனை ஒசரம் இருப்பா. நீ விடல்ல. குறுக்க விழுந்து மறிச்சிட்ட."

"பெறவு?"

"பெறவு கையை ஊன்றி எழும்பின. கூட்டம் முழுக்கக் கூவுது. முன்னால ஒருத்தரும் இல்ல. பந்தும் நீயும் மட்டும் போறிய, போறிய..."

அவர் அதுவரை சொன்னதிலேயே நல்ல ஆட்டம் அதுதான். அவருக்கே கண் நிறைந்துவிட்டது. நுரைக்கு நடுவில் மகள் ஓடிக்கொண்டே இருந்தாள், நிறுத்த மனசில்லை.

"கோல் விழுந்துதாப்பா?"

யூஜின் வாயைத் திறந்தார். ஒரு கோலைத் தூக்கிக் கொடுத்துவிட அவருக்கு அப்படி ஒரு ஆசை. சட்டையை ஒருமுறை திருப்பிப் பார்த்தார்.

"அது இந்தச் சட்டையில இல்ல மக்கா."

ஜெனிலா கதவை விட்டு வந்து அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"நான் இறங்கவே இல்லப்பா. மூணு சனிக்கிழமையாட்டு பெஞ்சுதான். எனக்க இடத்துல பெபிஷான்னு புதுசா ஒருத்தியைப் போட்டுட்டாங்க. புல்லைப் பறிச்சு நானேதான் தேச்சேன்."

"தெரியும்."

"தெரிஞ்சிட்டுதான் சொன்னியளா?"

அவர் ஆமென்று தலையை ஆட்டினார். இனி அழப்போகிறாள் என்று நினைத்தார். அவள் அழவில்லை. புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"அடுத்த சனிக்கிழமை நீங்க வரணும்."

விரிப்பெல்லாம் வருமே மக்கா என்ற பேச்சு நாக்கு நுனிவரை வந்தது.

"நான் பெஞ்சுலதான் இருப்பேன்" என்றாள் ஜெனிலா. "சட்டை வெள்ளையாத்தான் இருக்கும். நீங்க பாக்கியதுக்கு ஒண்ணும் இருக்காது. ஆனாலும் வரணும்."

யூஜின் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். லாட்ஜ் மேனேஜருக்குப் போன் போட்டு, வாற சனிக்கிழமை கடை கிடையாது என்றார்.